ஒரே அட்டை, இரண்டு அடுப்பு

அம்மா கண்மூடிய அந்தக் காலையில் வீட்டில் நான் இருந்தேன். அக்காவும் அக்காவின் கணவரும் விழுப்புரத்திலிருந்து முதல் நாளே வந்திருந்தார்கள். கால்மாட்டில் அத்தையும் அவருடைய மகளும் உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டில், கையில் தண்ணீர் தம்ளரோடு மாமா இருந்தார். அம்மாவின் உடன்பிறந்த ஒரே தம்பி. இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா, நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே எங்களை விட்டுப் போய்விட்டார். இன்னொருவர் மாமாவின் மகன். ஓசூரில் கம்பெனி வேலை, பஸ் பிடித்து வந்து சேர மதியம் ஆகிவிட்டது.

மாமா இருந்தார் என்பதை முதல் பத்தியிலேயே எழுதியதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து விழாமல் தூக்க மாட்டார்கள். அம்மாவின் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது மாமா ஒருவர்தான். அந்த மாமாவும் நாங்களும் ஒரே மனையில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்துகொண்டு ஐந்து வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவுக்குச் சாவைப் பற்றிப் பயம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தம்பி கோடி எடுத்து வருவானா, மாட்டானா என்பது மட்டும்தான் பயம். அந்தப் பயம் இல்லாமல் அம்மா போனார். இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரில் நான் சொல்ல வந்தது முக்கியமாக அதுதான்.

அம்மா பிறந்தது தமிழ்நாட்டுப் பக்கம். சொன்னால் ஏதோ தூரம் போலத் தோன்றும். எங்கள் ஊர் வாய்க்காலுக்கு இந்தக் கரை புதுச்சேரி, அந்தக் கரை கடலூர் மாவட்டம். அம்மா கல்யாணமாகி வந்தது ஒரு வாய்க்காலைத் தாண்டி, அவ்வளவுதான். ஆனால் அந்த வாய்க்கால் அம்மாவை வேறு மாநிலத்துக்காரர் ஆக்கிவிட்டது. இந்தக் கரைக்கு வேறு சட்டம், வேறு அட்டை, வேறு ஆபீஸ். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. களை எடுத்தார், மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்ந்தார், சவுக்குத் தோப்பில் மிலார்க் குச்சி பொறுக்கினார். அப்பா சவுக்குக் கட்டை லாரியில் லோடு ஏற்றுகிற வேலை. மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் முடிந்துபோனார்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாமா தன் ஊருக்குத் திரும்பவில்லை. அத்தையையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்து எங்கள் மனையில் ஒரு வீடு போட்டுக்கொண்டார். "ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு தனியா இன்னா பண்ணுவ" என்று கேட்டாராம். மாமாவுக்குச் சென்ட்ரிங் வேலை. எந்த ஊரில் இருந்தாலும் பலகை அடித்துப் பிழைத்துக்கொள்வார். ஆனால் வாய்க்காலைத் தாண்டி வந்ததில் அவருடைய ரேஷன் அட்டை அந்தக் கரையோடு நின்றுவிட்டது. இங்கே தனி அட்டை கேட்டு அலைந்து பார்த்தார், கிடைக்கவில்லை. கடைசியில் அம்மாவின் பெயரிலிருந்த, ஏழைக் குடும்பத்துக்கான சிவப்பு அட்டையில் மாமா குடும்பத்தையும் சேர்த்தார்கள். குடும்பத் தலைவி அம்மா. ஒரே அட்டை, இரண்டு அடுப்பு.

இலவச அரிசி போட்ட காலத்தில் அதில் ஒரு கஷ்டமும் இல்லை. மூட்டையை மாமா சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவார். அம்மா படியை எடுத்துக்கொண்டு உட்காருவார். மாமா வீட்டுக்கு ஒரு படி, எங்கள் வீட்டுக்கு ஒரு படி என்று மாற்றி மாற்றி அளப்பார். கடைசியில் அரைப்படி மிஞ்சினால் அது மாமா வீட்டுக்கு. அவர்கள் நாலு பேர், நாங்கள் மூன்று பேர். யாரும் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அரிசி எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடந்தது.

பிறகு அரிசி நின்றது. அரிசிக்குப் பதில் பணம், அதுவும் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் நேராக வரும் என்றார்கள். எங்கள் அட்டைக்கு மாதம் அறுநூறு ரூபாய். பணமாகக் கொடுப்பது கெடுதல் என்று நான் எழுத வரவில்லை. எதிர் வீட்டு மல்லிகா அக்கா அந்தப் பணத்தைச் சேர்த்து ஒரு வெள்ளாடு வாங்கி, அதை மூன்றாக்கினார். ரேஷன் அரிசி சாப்பிட்டால் வயிறு ஒத்துக்கொள்ளாமல் இருந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த அரிசி வாங்கினார்கள். ஏடிஎம் கார்டை மளிகைக் கடையில் அடகு மாதிரி கொடுத்துவிட்டு, மாதா மாதம் கடைக்காரரிடமே பாக்கியைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களும் எங்கள் தெருவில் உண்டு. எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். அரிசி வந்தால் தெருவுக்கே தெரியும். பணம் வந்தாலும் ஒருவருக்கும் தெரியாது, வராவிட்டாலும் ஒருவருக்கும் தெரியாது.

முதல் நாலைந்து மாதம் ஒழுங்காக வந்தது. அம்மா தவளக்குப்பத்து வங்கிக்குப் போய் எடுத்துவந்து, வீட்டுக்குள் நுழையும் முன்பே மாமா வீட்டு வாசலில் நின்று முந்நூறு ரூபாயை அத்தை கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவார். அப்புறம் ஒரு மாதம் பணம் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. வங்கியில் கேட்டால் உங்கள் கணக்குக்கு ஒன்றும் வரவில்லையம்மா என்றார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு அட்டை ஆபீஸுக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, மாதா மாதம் போய்க்கொண்டுதானே இருக்கிறது என்றார்கள். யாருக்குப் போகிறது என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வெளியே வந்ததும், "கேக்காத. அவன் பேரு வந்துடுச்சின்னா அசிங்கம் நமக்குதான். உடு" என்றார்.

மாமாதான் எடுக்கிறார் என்று அம்மா நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பணம் நிற்பதற்குச் சில நாள் முன்னால்தான் மாமா வந்து, தனி அட்டைக்கு மறுபடியும் எழுதிப் போடப் போகிறேன் என்று அம்மாவின் ஆதார் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போயிருந்தார். அதை வைத்துத் தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டுவிட்டார் என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். நானும் நம்பினேன். பிளஸ் டூ படிக்கிறவன், எங்கள் வீட்டிலேயே அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள், எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. அம்மா கேட்கவில்லை, தம்பியிடம் போய் என் காசு எங்கே என்று கேட்பது அம்மாவால் ஆகாது. அந்தப் பக்கம் மாமாவும் கேட்கவில்லை. மாதா மாதம் வாசலில் நின்று கொடுத்த அக்கா நிறுத்திவிட்டார் என்றால், பணத்தை முழுதாக வைத்துக்கொண்டுவிட்டார் என்றுதான் அவருக்குப் பட்டிருக்கிறது. விதவை அக்காவிடம் போய் அரிசிக் காசு கேட்பதா என்று அவரும் இருந்துவிட்டார்.

அரிசியும் இல்லை, பணமும் இல்லை என்று ஆனதும் அம்மா டவுனில் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தார். காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் போய், அறை கூட்டி, கக்கூஸ் கழுவி, நாலு மணிக்கு வருவார். பிளீச்சிங் பவுடரில் விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தேய்ந்துபோனது. அந்தச் சம்பளத்தில்தான் அக்காவின் கல்யாணம் நடந்தது, நான் டிப்ளமோ முடித்தேன்.

அக்கா கல்யாணத்துக்கு அம்மா சீட்டு எடுத்து ஒரு ஜோடி கம்மல் செய்தார். அது ஊருக்குத் தெரிந்ததும் குழாயடியில் அத்தை, யாரையும் பார்க்காமல், "சில பேரு வூட்ல அரிசிப் பணம்லாம் கம்மலா காய்க்குது" என்று சொன்னார். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். "எடுத்துத் தின்னவங்களே நம்மள கேக்குறாங்க பாரு" என்று மட்டும் சொன்னார். கல்யாணத்தில் மாமா தாய்மாமன் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்தார். மாலை போட்டார், பட்டம் கட்டினார், பந்தியில் உட்காராமல் போய்விட்டார். அடுத்த வாரம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தகரம் வைத்து அடைத்தார். கோழி வருகிறது என்று காரணம் சொன்னார்கள்.

பணம் நின்றதிலிருந்து ஐந்து வருஷம் இப்படியே போனது. அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பெரியாஸ்பத்திரியில் இதயம் பலவீனமாக இருக்கிறது, பளு தூக்கக் கூடாது என்றார்கள். நான் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அம்மா, "எனக்கு ஒண்ணுன்னா அவனுக்குச் சொல்லி அனுப்புவியா?" என்று கேட்டார். சொல்லி அனுப்புகிறேன் என்றேன். "வருவானா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் கம்பெனி ஆபீஸில் சம்பளம் போடுகிறவர் ஜெசிந்தா மேடம். டவுனில் குருசுக்குப்பத்துக்காரர். சேர்ந்த புதிதில் என்னிடம் வங்கிக் கணக்கும் ஆதாரும் வாங்கிப் பதிவு செய்தார். அப்போது பேச்சோடு பேச்சாக, சம்பளம் எந்தக் கணக்கைச் சொல்கிறாயோ அதில் போடுவோம், ஆனால் அரசாங்க மானியம் அப்படி இல்லை, ஆதாரைக் கடைசியாக எந்த வங்கியில் இணைத்தாயோ அங்கேதான் தானாகப் போகும், ஆகவே கண்ட இடத்தில் கைரேகை வைக்காதே என்று புத்தி சொன்னார். சரி மேடம் என்று சொல்லிவிட்டு மிஷினுக்குத் திரும்பினேன். திரும்பியவனுக்கு வேலை ஓடவில்லை.

இனி எழுதப்போவதை அம்மாவிடமும் மாமாவிடமும் அப்போதே சொல்லிவிட்டேன். மற்ற உறவினர்களுக்கு இப்போதுதான் சொல்கிறேன். பணம் நின்ற அந்த மாதம் எங்கள் ஊரில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்த ஏரிக்கரைக்கு ஏதோ ஒரு வங்கியின் ஆள் வண்டியில் வந்தார். சொற்பக் காசில் விபத்து இன்சூரன்ஸ் என்றார். அதற்கு ஒரு கணக்குத் திறக்க வேண்டும். படிவம் முழுக்க இங்கிலீஷ். பள்ளிக்கூட லீவு நாள் என்பதால் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்த என்னை எல்லோரும் எழுதித் தரச் சொன்னார்கள். முதலில் அம்மாவுடையதை எழுதினேன். எந்த இடத்தையும் காலியாக விடக்கூடாது என்று பரீட்சைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் இருந்த கட்டத்துக்கெல்லாம் டிக் போட்டேன். அதில் ஒரு கட்டம், என் மானியங்கள் எல்லாம் இனிமேல் இந்தக் கணக்குக்கே வரட்டும் என்பது. அம்மா பெருமையோடு பக்கத்தில் நின்று மெஷினில் கைரேகை வைத்தார். நான் நிரப்பிய படிவத்தைப் பார்த்த அந்த ஆள், இவ்வளவு வேண்டாம் தம்பி, பெயரும் நம்பரும் போதும் என்றார். மற்றவர்களுக்கு அவ்வளவுதான் எழுதினேன். அம்மாவுடையதைத்தான் முழுக்க நிரப்பினேன். கணக்கு விவரம் எஸ்எம்எஸ்ஸில் வரும் என்றார்கள். நான் எழுதிய போன் நம்பர் இரண்டு மாதத்தில் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போனது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு தவளக்குப்பத்துப் பழைய வங்கிக்குப் போய் அம்மாவின் ஆதாரைக் காட்டிக் கேட்டேன். அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, இது எங்களிடம் இல்லை, வேறு வங்கியில் இணைந்திருக்கிறது என்று பெயரைச் சொன்னார். ஏரிக்கரைக்கு வந்த வங்கியின் பெயர். மதிய ஷிப்டுக்குப் போனதும் ஜெசிந்தா மேடத்திடம் சொன்னேன். பணம் இருக்குமா, திரும்பிப் போயிருக்குமா என்று கேட்டேன். "எங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்தவரு. பிரான்ஸ்லேர்ந்து பென்ஷன் வரும். வருஷத்துக்கு ஒரு பேப்பர் போவலன்னா நின்னுடும். எத்தன தடவ நின்னிருக்கு தெரியுமா? பணம் எங்கயும் ஓடியிருக்காது தம்பி, பேப்பர்ல மாட்டிகினு இருக்கும். நீ மொதல்ல வூட்ல சொல்லு" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, "அம்மா, அரிசிப் பணத்த மாமா எடுக்கல" என்றேன்.

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "அப்ப யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல. ஏரிக்கரையில நான் ஒனக்கு எழுதிக் குடுத்தேனே, அந்தக் கணக்குல போய்க் கெடக்கு. தப்பு என்னுது."

அம்மாவுக்குப் புரிய வைக்க இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். ஐந்து வருஷம் கக்கூஸ் கழுவியது என்னால், மூச்சு வாங்குவது என்னால் என்று சொல்லியிருந்தாலும் அதில் தப்பில்லை. அம்மா கேட்டது வேறு.

"அவன் எடுக்கலியா?"

"எடுக்கலம்மா."

கீரை முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "ஒன்ன அப்பறமா ஏசிக்கிறேன். போயி அவன இட்டுகினு வா" என்றார்.

தகரத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். மாமா காலில் ஒட்டியிருந்த சிமெண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். "இன்னாடா இது, தகரத்துக்கு இந்தாண்ட ஆளு வருது" என்றார் அத்தை. அம்மா கூப்பிடுகிறார் என்றதும் மாமா எதற்கு என்று கேட்கவில்லை. ஈரக் காலோடு வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாடா. வாசல்ல நிக்கறதுக்கு நீ இன்னா தண்டல் காசு வசூலுக்கா வந்த?" என்றார் அம்மா.

மாமா உட்கார்ந்ததும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் அம்மாவைப் பார்த்து, "அப்ப நீ எடுக்கலியாக்கா?" என்றார்.

"நானா? நீ எடுத்துகினன்னு இல்ல நான் இருந்தேன்."

"நான் எப்பிடி எடுப்பேன்?"

"என் ஆதார் ஜெராக்ஸ வாங்கிகினு போனியே."

"அது தனி அட்டைக்கு. அதுவுந்தான் கெடைக்கல." மாமா துண்டால் காலைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "நான் ஒன்ன மன்னிச்சி நாலு வருஷம் ஆவுது" என்றார்.

"என்னாத்துக்குடா என்ன மன்னிச்ச?"

"எடுத்ததுக்கு."

"நான்தான் எடுக்கலியேடா."

"அது இப்பத்தான தெரியுது. புள்ளைங்கள வச்சிகினு இருக்குது, எடுத்தா எடுத்துகினு போவட்டும்னு உட்டுட்டேன்."

அம்மா சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது, ஆனாலும் நிற்கவில்லை. "நானும் அப்பிடித்தான்டா உட்டேன். எனக்கு யாரு இருக்கா ஒன்ன விட்டா, தின்னா தின்னுட்டுப் போன்னு." சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. மாமா எழுந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

பின்னாலேயே வந்த அத்தை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "அண்ணி, அன்னிக்குக் கொழாயடியில நான்" என்று தொடங்கியதும் அம்மா, "அது சீட்டுல எடுத்த கம்மலு. ரசீது இருக்குது, காட்டட்டா?" என்றார். அத்தை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்து, அம்மா பாதியில் விட்ட கீரையை எடுத்து ஆய்ந்தார். அன்று எல்லோருக்கும் சோறு எங்கள் வீட்டில்தான்.

இரண்டு நாள் கழித்து மாமா ஒரு ஆட்டோ பிடித்து வந்தார். டவுனில் இருந்த அந்த வங்கியின் கிளைக்கு மூன்று பேரும் போனோம். வழியெல்லாம் அம்மாவும் மாமாவும் அந்த ஐந்து வருஷத்தில் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மாமாவின் மகள் வயதுக்கு வந்ததற்குத் தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று குலவைச் சத்தத்தைக் கேட்டதை அம்மா சொன்னார். மாமா ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

வங்கியில் அம்மாவின் ரேகை மெஷினில் விழவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். பிளீச்சிங் பவுடர் தின்றது போக விரலில் ஒன்றும் மிச்சமில்லை. கணக்கும் ஒருமுறைகூடத் தொடாமல் கிடந்ததால் முடங்கிப்போயிருந்தது. அங்கிருந்த அதிகாரி நல்லவர். நகல்களும் போட்டோவும் கொண்டுவந்து கொடுங்கள், நேரில் வந்திருக்கிறார், முகத்தைப் பார்த்துவிட்டேன், நானே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்றார். பக்கத்தில் போய் போட்டோ எடுத்து வந்தோம். சிரிக்காமல் இருங்கள் என்று போட்டோக்காரர் அம்மாவிடம் மூன்று முறை சொன்னார். இந்த மலரின் முன்பக்கத்தில் இருப்பது அந்தப் போட்டோதான். பார்த்தால் தெரியும், அம்மா அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

பத்து நாளில் கணக்கு திறந்தது. ஐம்பத்தேழு மாதத்துப் பணம், முப்பத்து நாலாயிரத்து இருநூறு ரூபாய், ஒரு ரூபாய்கூடக் குறையாமல் இருந்தது. அம்மா அதில் சரிபாதியை மாமா முன்னால் வைத்தார். மாமா வேண்டாம் என்றார். அரிசி என்றால் வேண்டாம் என்பாயா என்று அம்மா கேட்டதும் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு, கோடிக்கு இதிலேயே ஒரு நல்ல சேலை எடுத்து வைத்துவிடுகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. "என் காசுல எனக்கே கோடியா? நல்லாருக்கே நியாயம். இத புள்ளைங்களுக்குச் செலவு பண்ணு. அத ஒன் சம்பாத்தியத்துல எடுத்துகினு வா" என்றார். மாமா சரி என்றார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி பஸ்ஸில் அம்மா என்னிடம் கேட்டதற்கு அன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அம்மா எட்டு மாதம் இருந்தார். லாட்ஜ் வேலையை விட்டார். மாதா மாதம் வந்த பணத்தில் மாமா பங்கு போக மிச்சத்தில் தனக்கென்று முட்டையும் தயிரும் வாங்கிக்கொண்டார். தனக்கென்று அம்மா எதையும் வாங்கி நான் பார்த்தது அப்போதுதான். தகரத்தை முழுக்க எடுக்கவில்லை. நிஜமாகவே கோழித் தொல்லை இருந்தது. நடுவில் ஒரு தகரத்தை மட்டும் மாமா கழற்றி வழி விட்டார். சாயங்காலம் அந்த வழியாகத்தான் வருவார். என்னைத் திட்டுவதாகச் சொன்னதை அம்மா கடைசிவரை செய்யவில்லை. ஒருநாள் நானே நினைவுபடுத்தினேன். "படிச்சவன் ஒருத்தன் இருந்ததாலதான் தப்பு நடந்துச்சி. படிச்சதாலதான் தெரிஞ்சிது. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சி, போ" என்றார்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அவர்கள் சொன்ன பிறகு நாங்களும் புரிந்துகொண்டு அழைத்துவந்தோம். அம்மா வலியில்லாமல், மாமா ஊட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். மாமா கத்தரிப்பூ நிறத்தில் கோடிச் சேலை எடுத்து வந்தார். புருஷன் இல்லாதவருக்கு இந்த நிறமா என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, "எங்க அக்காவுக்குப் புடிச்ச கலரு" என்று மட்டும் சொல்லிப் போர்த்தினார்.

அம்மாவின் கடைசி எட்டு மாதத்தில் எங்களுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் கை கூப்புகிறேன். ராத்திரி பகல் பாராமல் கூட இருந்த அத்தைக்கு, ஆட்டுப்பால் கொண்டுவந்து கொடுத்த மல்லிகா அக்காவுக்கு, லீவுக்குக் கணக்குப் பார்க்காத எங்கள் கம்பெனிக்கு, ஜெசிந்தா மேடத்துக்கு, கையெழுத்துப் போட்ட அந்த வங்கி அதிகாரிக்கு, வாய்க்காலுக்கு இரண்டு கரையிலிருந்தும் வந்து தூக்கியவர்களுக்கு. மாமாவுக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார். ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய பணம் நின்றுபோனால், வீட்டு ஆளைச் சந்தேகப்படும் முன்னால் எந்த வங்கிக்குப் போகிறது என்று ஒருமுறை கேளுங்கள். கேட்பது அசிங்கமில்லை.

காரியத்துக்கு வந்த, பணம் திரும்பக் கிடைத்ததை மட்டும் அறிந்த உறவினர்கள் பலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முடங்கின கணக்கைத் திறக்க யாருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார்கள். அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. யாருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. போகவர ஆட்டோவுக்கு இருநூற்று ஐம்பது, போட்டோவுக்கு அறுபது, ஜெராக்ஸுக்குப் பன்னிரண்டு. ஐந்து வருஷம் கழித்து அக்காவையும் தம்பியையும் பேச வைக்க எங்களுக்கு ஆன செலவு மொத்தம் முந்நூற்று இருபத்திரண்டு ரூபாய்.